ஆறுதலா இறக்குங்கோ

முழங்கையில் கட்டுப் போட்டபடி வந்து இந்தச் சபைக்குத் தலைமை தாங்கும் மாதர் சங்கத் தலைவி நாகேஸ்வரி அம்மா அவர்களே, கோயில் பரிபாலன சபைப் பெரியோர்களே, வயல் உழுது, வாய்க்கால் வழியே வாழ்வை வளர்த்த கமக்கார அன்பர்களே, உருத்திரபுரத்திலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வந்திருக்கும் உறவினரே, வாசலில் கைகட்டி நிற்கும் இளைஞர்களே, கேரளத்திலிருந்து வந்து, நாங்கள் பேசுவது பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் படக்குழுவின் விருந்தினர்களே, இன்று காலை உளுந்து வயலில் முகங்குப்புற விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து என் முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மாரே, உங்கள் எல்லாருக்கும் அப்புத்துரையின் பணிவான வணக்கம்.

இன்னும் ஒருவரை நான் விளிக்கவில்லை. மறந்து விடவில்லை. மேடையின் ஓரத்தில், தாய் அமராவதி அம்மாவுக்குப் பக்கத்தில், தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார் ஒளிப்பதிவாளர் ராஜினி. நேற்று வரை இந்தப் பொதுநோக்கு மண்டபத்தின் முகப்பில் ‘நம் ஊர் மகளுக்குப் பாராட்டு விழா’ என்று ஒரு பதாகை தொங்கியது. இன்று மதியம் அதை யாரோ கழற்றிவிட்டார்கள். நம் ஊர் மகளே என்று விளிப்பதா, விருந்தினரே என்று விளிப்பதா, அல்லது போய்வாருங்கள் என்று கைகூப்புவதா? அதுதான் இப்போது நம் முன்னாலுள்ள கேள்வி.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராஜினி ஒளிப்பதிவு செய்யும் மலையாளப் படம் ஒன்றின் முக்கியமான பகுதி நம் ஊரில் எடுக்கப்பட இருந்தது. கதையில் வரும் ஊர் வன்னியில் உள்ள ஓர் ஊர். வேறெங்கும் போய் வன்னி என்று காட்ட மாட்டேன் என்று அவர்தான் பிடிவாதமாக நின்று குழுவை இங்கே அழைத்து வந்தார். நாமும் மகிழ்ந்தோம். பதாகை கட்டினோம். இன்று காலை, படக்குழுவின் வெடிக்காரர், யாருக்கும் சொல்லாமல், குளக்கட்டுக்குப் பின்னால் ஒரு வெடியை வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார். அவருக்கு அது ஒரு பரீட்சை. உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு அது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. யார் யார் எப்படி விழுந்தோம் என்பது நமக்குள் இருக்கட்டும்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். வீட்டில் இருந்தேன். மேசைக்குக் கீழே இருந்தேன். கையில் பேனாவும் இருந்தது. இந்த உரையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. என் மனைவியும் சிரித்தார், ஆனால் அவரும் கீழேதான் இருந்தார்.

வெளியே தெருவில் எஞ்சின் சத்தம் கேட்கிறதல்லவா? அது படக்குழுவின் லொறி. சாமான் எல்லாம் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. தயாரிப்பாளரின் ஆள் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஊர் சம்மதித்தால் இருப்பார்கள். சம்மதிக்காவிட்டால் பொழுதுபட முன்னர் ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் போய், அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார்கள். ஏறும் போது இந்தப் படம் ராஜினியின் கையில் இருக்காது. வேறொருவருக்குப் போய்விடும். வளர்த்த ஊரே திருப்பி அனுப்பியது என்ற சொல்லும் அவர் பின்னால் போகும். இவ்வளவும் இந்த மண்டபத்தில் இன்னும் கொஞ்ச நேரத்தில் தீர்மானமாகப் போகிறது.

என்ன தம்பி பிரதீபன்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். ‘ஐயா, நீங்கள் வாழ்த்துரை சொல்ல வந்தனீங்களோ, வழக்குப் பேச வந்தனீங்களோ’ என்று நம் இளைஞர் கழகத் தலைவர் கேட்கிறார். அவருக்கு ஒலிவாங்கி எட்டாதபடியால் அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். இது என் பழக்கம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவே என் உத்தியோகக் காலம் முழுவதும் கழிந்தது. சாட்சி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். எனக்கென்று ஓர் அபிப்பிராயத்தை மேடையில் நின்று சொன்னதில்லை. சொல்லத் தெரியுமா என்ற ஐயம் இப்போதும் இருக்கிறது. தம்பி, நான் வாழ்த்துரைக்குத்தான் ஆயத்தப்பட்டு வந்தேன். அது வழக்காக மாறியது என் பிழையல்ல. ஆனாலும் ஆயத்தப்பட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘ஒளியை உழைப்பாக்கி, உழைப்பை உயர்வாக்கி, உயர்வை ஊருக்கு உரித்தாக்கிய உத்தமி.’ மன்னிக்க வேண்டும். இந்த வரியை நேற்று எழுதினேன். நேற்று அது நன்றாக இருந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

இந்த உரைக்காக மூன்று பின்னேரங்கள் அமராவதி அம்மாவின் முற்றத்தில் இருந்து ராஜினியிடம் கேட்டேன். சந்தேகமான இடங்களை இரண்டாம் தரமும் கேட்டேன். கேட்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, மலையகத்திலிருந்து வந்த சில குடும்பங்கள் நம் வாய்க்கால் முடிகிற மேட்டுநிலத்தில் குடியேறின. நாம் யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்தவர்கள். அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களில் ஒருவர் சங்கிலி. அவருடைய மனைவி அமராவதி. அவர்களுடைய மூத்த மகள் ராஜினி. அந்தப் பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போனது. முதல் நாள், வரிசையில் பின்னால் நின்ற பிள்ளையைப் பார்த்து, ‘மெதுவா வாங்க’ என்று சொன்னது. வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தது? நாம் மெதுவா என்றா சொல்கிறோம்? ஆறுதலா என்கிறோம். வாங்க என்றா சொல்கிறோம்? வாங்கோ என்கிறோம். சிரித்த பிள்ளைகள் அதோடு ஒரு பட்டப்பெயரையும் சூட்டினார்கள். மலையகத்தவரைச் சுட்டுகிற அந்தச் சொல்லை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். எதையும் அப்படியே திருப்பிச் சொல்கிறவன் என்றேன். அந்தச் சொல்லை மட்டும் இந்த ஒலிவாங்கியில் சொல்ல மாட்டேன்.

அந்தப் பிள்ளை என்ன செய்தது? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், வாய்க்கால் கரையில், ஆறுதலா, ஆறுதலா என்று சொல்லிச் சொல்லிப் பழகியது. சில மாதங்களில் அதன் வாயில் மெதுவா இல்லை. வீட்டிலேயே தாய் அதட்டினாராம். அமராவதி அம்மா, என்ன சொன்னீர்கள் என்று சொல்லட்டுமா? ‘ஏன்டி, எங்ககிட்டயே யாழ்ப்பாணம் பேசுறியா?’

இப்போது சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஆறுதலா என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒருநாள் அது ராஜினியைக் கொல்லப் பார்த்தது.

தொண்ணூறுகளின் இடம்பெயர்வில், பதினைந்து வயதில், தகப்பனோடு படகேறி இராமேசுவரம் போனார். தாய் இளைய மகளோடு இங்கேயே நின்றுவிட்டார். பாடுபட்டுப் பெற்ற காணி, விட்டுப்போக மனம் வரவில்லை. அந்த இளைய மகள் இன்று தண்ணீரூற்று என்ற ஊரில் குடும்பமாக இருக்கிறார். தகப்பன் சங்கிலி அங்கே அகதி முகாமிலேயே காலமானார். முகாமுக்குப் பக்கத்தில் கலியாணங்களுக்குப் படமெடுக்கும் ஒருவர் இருந்தார். வெயிலை மணப்பெண்ணின் முகத்துக்குத் திருப்பிவிட ஒரு வெள்ளிப் பலகை பிடிப்பார்கள் அல்லவா, அதைப் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ராஜினி போனார். பலகையை எந்தச் சாய்வில் பிடித்தால் கண் கூசாது, எந்தச் சாய்வில் பிடித்தால் முகம் விடியும் என்று கைக்குப் பழக்கினார். பலகையிலிருந்து விளக்குக்கு, விளக்கிலிருந்து கமராவுக்கு, கலியாண வீட்டிலிருந்து சென்னைக்கு. அங்கே குரியன் என்ற மலையாள ஒளிப்பதிவாளரின் உதவியாளர்களில் கடைசி ஆளாகச் சேர்ந்தார்.

ஆனால் எப்படிச் சேர்ந்தார்? முகாமில் பதிவு செய்யப்பட்ட அகதி என்று தெரிந்தால் ஆயிரம் கேள்வி வரும். அனுமதி எடுத்தாயா, யார் வெளியே விட்டது, யார் வேலைக்கு வைத்தது. எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் இராமநாதபுரம் என்றார். முகாம் இருந்த மாவட்டம் அதுதானே, பாதி உண்மை. மீதிப் பாதியை நாக்கைக் கட்டி மறைத்தார். கதைக்காதே என்று சொல்லாமல் பேசாதே என்று சொன்னார். கெதியா என்று சொல்லாமல் சீக்கிரம் என்று சொன்னார். ஆறுதலா என்ற சொல்லை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, எந்தச் சொல்லுக்காக இங்கே சிரிக்கப்பட்டாரோ அந்த மெதுவாவை மறுபடி தேடி எடுத்துக்கொண்டார். நினைத்துப் பாருங்கள் சபையோரே. இங்கே வாழ்வதற்காக ஒரு சொல்லைக் கைவிட்டவர், அங்கே வாழ்வதற்காக அதே சொல்லிடம் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. தமிழ்ப் படம் ஒன்றின் நடனக் காட்சி. கிரேன் என்று ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். நீண்ட இரும்புக் கை. அதன் நுனியில் கமராவும், கமராவை இயக்குபவர் உட்கார ஓர் இருக்கையும். மறுமுனையில் பாரம். கீழே நிற்பவர்கள் கையால் பிடித்து ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அன்றைக்கு உட்கார வேண்டியவருக்குக் காய்ச்சல். குரியன் ராஜினியை ஏறச் சொன்னார். அவருடைய வாழ்க்கையில் முதற்தடவை. தென்னையின் உச்சி வட்டுக்குச் சமமாகப் போய் நின்றார். கீழே நடனப் பெண்கள் தலையில் விளக்கோடு நின்றார்கள். இறக்கும் சமயம் காற்று ஒன்று அடித்தது. இரும்புக் கை ஆடியது. ராஜினி கீழே பார்த்தார்.

அப்போது வாயில் வந்தது என்ன?

‘ஆறுதலா இறக்குங்கோ, அண்ணை.’

கீழே கிரேனைப் பிடித்திருந்தவர் பாண்டி என்ற மதுரைக்காரர். நல்ல மனிதர். அவருக்கு ஆறுதல் என்றால் என்ன? செத்த வீட்டில் சொல்வது. அழுகிற பிள்ளைக்குச் சொல்வது. மேலே இருக்கிற பெண் பயந்துவிட்டாள், ஆறுதல் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார். ‘பயப்படாத தாயி, அண்ணன் இருக்கேன்ல, இந்தா இறக்கிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு விரைவாக இறக்கினார். ராஜினி இன்னும் பலமாக, ஆறுதலா, ஆறுதலா என்று கத்தினார். அவர் அலற அலற, இவர் இரங்கினார். இரங்க இரங்க, இறக்கினார். அந்த இரும்புக் கை தென்னோலையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கீழே நின்ற பெண்ணொருத்தியின் தோளை உரசியது. ஒரு விளக்குத்தூண் சரிந்தது. கமராவின் கண்ணாடி நொறுங்கியது. ராஜினி இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு மணலில் விழுந்தார்.

யாரும் சாகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், தாய்மார் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தயாரிப்பு மேலாளர் ஓடிவந்தார். விழுந்தவரைத் தூக்கவில்லை. ‘ஏம்மா, நீ எந்த ஊரு?’ என்று கேட்டார். ‘இராமநாதபுரம்.’ ‘இராமநாதபுரத்துல எவ ஆறுதலா இறக்குங்கோன்னு சொல்றா?’ அவ்வளவுதான். கட்டி வைத்த நாக்கு அவிழ்ந்துவிட்டது. அன்று மாலையே வெளியே போகச் சொன்னார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பாண்டி வந்து நின்றாராம். ‘தாயி, உங்க ஊர்ல ஆறுதலான்னா என்ன?’ ‘மெதுவான்னு அர்த்தம் அண்ணா.’ பாண்டி தலையில் கைவைத்தார். நேரே இயக்குநரிடம் போய், ‘பொண்ணு சரியாத்தான் சொல்லிச்சு சார். எனக்குத்தான் தமிழ் தெரியல’ என்றார்.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும்தான் ராஜினியின் குரல் தளும்பியது.

சபையோரே, நான் சொற்களோடு வாழ்ந்தவன். சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் பயத்தில் எந்த மொழிக்குப் போவார்கள் என்று பார்த்திருக்கிறேன். படித்த மொழிக்கல்ல, பிடித்த மொழிக்குமல்ல, தன்னை அறியாமல் தனக்குள் போய்விட்ட மொழிக்குப் போவார்கள். அந்த உயரத்தில், அந்தக் காற்றில், தாய் தந்த மெதுவா வரவில்லை. நாம் சிரித்துச் சிரித்துப் புகட்டிய ஆறுதலாதான் வந்தது. எந்த ஊர் ஏளனம் செய்ததோ, அந்த ஊரின் சொல்தான் ஆபத்தில் நாவில் வந்து நின்றது. கொடுத்தது நாம். விழுந்தது அவர். இப்போது அவரைப் பார்த்து, நீ எங்கட ஆளோ என்று கேட்கிறோம்.

ஆகவே, எனக்கு நானே வைத்த கேள்விக்கு இப்போது பதில் சொல்லி, விட்ட இடத்தை நிரப்புகிறேன். எங்கள் ஊர் மகளே, ராஜினி, உங்களுக்கும் என் வணக்கம்.

கைதட்ட வேண்டாம். இன்னும் முடியவில்லை. பாதிப்பேர்தான் தட்டினீர்கள் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

குரியன் சில மாதம் கழித்து அவரைக் கொச்சிக்கு அழைத்தார். ‘இங்க நீ மலையாளத்துல எதைச் சொன்னாலும் தப்பாத்தான் சொல்லப் போற. அதனால எந்த ஊர்னு யாருக்கும் தெரியாது’ என்றாராம். மலையாளத்தில் மலர்ந்து, கன்னடத்தில் கால்பதித்து, தெலுங்கில் திகழ்ந்து, மராத்தியில் மதிப்புப் பெற்று, மறுபடி தமிழுக்கு வந்தார். இன்று அந்தந்த மொழிப் படங்களில் அவருடைய பெயர் தனித்து வருகிறது. எல்லாவற்றையும் நான் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மராத்திப் படம். கடலுக்குப் போன கணவன் இறந்த செய்தி மனைவிக்கு வருகிறது. நடிகை புகழ்பெற்றவர். கண்ணீர் வழியும் முகத்தை அருகில் வைத்து எடு என்று இயக்குநர் கேட்டார். ராஜினி கமராவை நடிகைக்குப் பின்னால், குசினி வாசலில் வைத்தார். மாப் பிசைகிற கை மட்டும் தெரிகிறது. செய்தி சொல்லும் குரல் கேட்கிறது. கை நிற்கிறது. பிறகு மறுபடி பிசையத் தொடங்குகிறது. அவ்வளவுதான். என் மகளின் தொலைபேசியில், சின்னத் திரையில் பார்த்தேன். போய்க் கைகழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். ஏன் கைகழுவினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

தம்பி பிரதீபன், கை உயர்த்த வேண்டாம், கேளுங்கள். ஓம். அவர் கேட்பதை அப்படியே சொல்கிறேன். ‘அதெல்லாம் சரி ஐயா. கடைசிச் சண்டை நேரம் அவா இஞ்ச இருந்தவாவோ?’

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். எழுதி வைத்த பதிலும் இருக்கிறது. ஆனால் ராஜினி எழும்பியிருக்கிறார். அவர் சொல்வதைச் சொல்கிறேன். ‘இல்லைத் தம்பி. நான் இருக்கேல்லை. அந்த மாதம் ஐதராபாத்தில ஒரு பாட்டுக்கு லைற் வைச்சுக்கொண்டு நிண்டனான். ரீவியில பாத்திட்டுப் போய் லைற் வைச்சனான்.’

இருங்கள். அமராவதி அம்மா ஏதோ சொல்கிறார். என்ன அம்மா? ‘நான் இருந்தேன் தம்பி. காணாதோ?’

பாருங்கள், இருந்தேன் என்ற பாதி மலைநாடு, போதாதோ என்று கேட்கும் காணாதோ வன்னி. அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்க என்னால் முடியாது.

சரி. இனி இன்றைய விடயம். வெடிச்சத்தத்துக்குப் பிறகு ராஜினி இயக்குநரிடம் போய்ச் சொன்னதை, பக்கத்தில் நின்ற குழுவினர் இருவரிடம் தனித்தனியே விசாரித்தேன். இருவரும் ஒன்றையே சொன்னார்கள். ‘இனி இந்தப் படத்தில் வெடி இல்லை. வெடி வைத்தால் நான் இல்லை. வெடியைக் காட்ட வேண்டாம், கேட்ட முகங்களைக் காட்டினால் போதும்.’ தயாரிப்பாளரின் ஆள் கேட்டார், முகத்துக்கு எங்கே போவது? நடிகர்களால் முடியாது என்று நீயே சொல்கிறாய். இந்த ஊர் மக்கள் உன் கமராவின் முன்னால் வந்து இருப்பார்களா? இருந்தால் உன் விருப்பப்படி செய். இல்லாவிட்டால் வேறொரு கடற்கரையில், வேறொருவரை வைத்து, வெடியோடு எடுத்துக்கொள்கிறோம்.

‘எங்கட முகத்தை வித்துப் பிழைக்கிறதுக்கோ’ என்கிறார் பிரதீபன். அது நியாயமான கேள்வி, தம்பி. அதற்குரிய பதில் என் தாளில் இல்லை. நான் எத்தனையோ தடவை எழுதி எழுதி வெட்டினேன். முகம் கொடுக்கப் போவது நானல்ல. அந்தத் தாய்மார். அவர்களுக்காக நான் பதில் சொன்னால் அது பிழையான மொழிபெயர்ப்பாகிவிடும்.

நாகேஸ்வரி அம்மா எழும்புகிறார். ஒலிவாங்கி வேண்டாம் என்கிறார். அம்மா, சபைக்குக் கேட்காது, நீங்கள் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்.

‘அப்புத்துரை அண்ணை, நீங்கள் கிரேன் கதை சொன்னனீங்கள். நான் வயல் கதை சொல்லுறன். காலமை சத்தம் கேட்டு நான் விழேக்குள்ள எனக்குப் பக்கத்தில இன்னொரு ஆளும் விழுந்து கிடந்தது. காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. காது கிழியாமல் இருக்க வாயைத் திறக்கோணும் எண்டு இஞ்ச வளந்த ஆக்களுக்குத்தான் தெரியும். திரும்பிப் பாத்தா இந்தப் பிள்ளை. அவளின்ர கமரா அங்கால சேத்துக்குள்ள கிடக்குது. கேரளத்துப் பொடியள் எல்லாம் நிண்டுகொண்டு, எங்களுக்கு என்ன நடந்தது எண்டு பாக்கினம்.’

எனக்கு இது தெரியாது. மூன்று பின்னேரம் விசாரித்தேன், இதை விசாரிக்கவில்லை. ராஜினியும் சொல்லவில்லை.

அம்மா இப்போது ராஜினியைக் கேட்கிறார். ‘பிள்ளை, வெடி வைக்கப்போறாங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ?’

‘வெடியே வேண்டாம் எண்டு நேற்றுச் சொன்னனான், அம்மா. ஓம் எண்டவை. ரெஸ்ற் பண்ணிப் பாக்கிறது கணக்கில்லை எண்டு நினைச்சிட்டினம்.’

‘கணக்கில்லையாம். சரி. நாங்கள் வந்து இருந்தா எங்களை என்ன செய்யச் சொல்லுவாய்? அழச் சொல்லுவியோ?’

‘இல்லை. உளுந்து பிடுங்கச் சொல்லுவன். நான் எங்கயோ தள்ளி நிப்பன். எப்ப நிப்பாட்டோணும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ.’

‘அப்ப ஒண்டு கேள். அந்தப் படத்தை முதல்ல இஞ்ச, இந்த மண்டபத்தில போட்டுக் காட்டோணும். இஞ்ச இருக்கிற ஒரு பொம்பிளை தன்ர முகத்தை வெட்டியெடு எண்டா வெட்டியெடுக்கோணும். மற்ற இடமெல்லாம் அதுக்குப் பிறகு.’

சபையோரே, ராஜினியின் முகம் மாறுகிறது. என்ன சொல்கிறார்? ‘அது என்ர கையில இல்லை, அம்மா. தயாரிப்பாளரிட்டக் கேக்கோணும். ஓமெண்டு சொல்லமாட்டார் எண்டுதான் நினைக்கிறன்.’

‘கேட்டிட்டு வா. நாங்கள் இருக்கிறம்.’

ராஜினி இறங்கிப் போகிறார். வழி விடுங்கள் தம்பிமாரே. லொறிக்குப் பக்கத்தில் தயாரிப்பாளரின் ஆள் நிற்கிறார்.

அம்மா, நான் உட்காரட்டுமா? ‘நிப்பாட்டாதேங்கோ, கதையுங்கோ அண்ணை. சும்மா இருந்தா எங்களுக்கு நெஞ்சிடிக்குது.’

என் தாள் முடிந்துவிட்டது. தாள் இல்லாமல் நான் பேசியதில்லை. மடித்துப் பையில் வைத்துவிடுகிறேன். பரவாயில்லை, தண்ணீர் வேண்டாம்.

நான் சொல்லப் போவது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. ஆனால் என் சொல்லாகச் சொல்கிறேன். இந்த லொறி போனால் படம் நின்றுவிடுமா? நிற்காது. போய் எங்கோ ஒரு கரையில் எடுக்கப்படும். அங்கே வன்னி என்று பலகை நடுவார்கள். வெடி வைப்பார்கள். பெரிய வெடியாக வைப்பார்கள். ஓடத் தெரிந்த நடிகர்கள் ஓடுவார்கள். விழத் தெரிந்தவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். காதைப் பொத்தும்போது வாயைத் திறக்க வேண்டும் என்று யார் அவர்களுக்குச் சொல்லுவார்? நம்மைப் பற்றிய படத்தில் நாம் இல்லாமல் போவோம். நம்மைப் பார்த்ததாக உலகம் நம்பும். இதுவரை எத்தனை பேர் வந்து எடுத்தார்கள்? எத்தனை பேர் நம்மிடம் கேட்டு எடுத்தார்கள்? எடுத்ததில் எதை நமக்குக் காட்டினார்கள்? நாகேஸ்வரி அம்மா இன்று கேட்டது கருணையல்ல, சலுகையல்ல, உரிமை. என் முகத்தை நான் பார்த்த பிறகு உலகம் பார்க்கட்டும் என்று கேட்பதற்கு நமக்கு இத்தனை ஆண்டுகள் சென்றிருக்கின்றன. நாம் சொல்வதற்குச் செவிகொடுக்கக்கூடிய ஒருவர் கமராவுக்குப் பின்னால் நின்றபடியால்தான் இன்று கேட்க முடிந்தது. முடியாது என்று பதில் வந்தால், வரட்டும். லொறி போகட்டும். அப்படிப் போனால் ராஜினி அதில் ஏற மாட்டார் என்று நான் நம்புகிறேன். ஏறினாலும் நான் அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கேட்ட கேள்வி இந்த மண்டபத்தில் நிற்கும். அடுத்து யார் கமராவோடு வந்தாலும், வாசலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

இவ்வளவு நேரம் இப்படி உரக்கப் பேசியது நானா?

வாசலில் நிற்கும் இளைஞர்களே, உங்களுக்கு வெளியே தெரியும். என்ன நடக்கிறது? ‘அவா போனில கதைக்கிறா. அந்த ஆள் கையை விரிக்கிறான்.’ சரி. பொறுப்போம். ‘இப்ப போனை அந்த ஆளிட்டக் குடுத்திட்டா.’ சரி. ‘அவன் தலையை ஆட்டுறான்.’ எப்படி ஆட்டுகிறான், தம்பி? மலையாளிகள் தலையாட்டினால் ஓம் என்றும் வரும், இல்லை என்றும் வரும், கவனமாகப் பாருங்கள்.

எஞ்சின் நின்றுவிட்டது.

எல்லாருக்கும் கேட்டதல்லவா? எனக்கு மட்டும்தான் கேட்டது என்றில்லையே?

ராஜினி வருகிறார். வாசலில் நின்றே சொல்கிறார். ‘முதல்ல இஞ்ச காட்டுறதுக்கு ஓம் எண்டிட்டார், அம்மா. முகம் வெட்டியெடுக்கிறதுக்கு, எழுத்தில தா எண்டு நான் கேட்டனான். நாளைக்கு அனுப்புறன் எண்டவர். அது வரும் வரைக்கும் நான் கமராவைத் தொடமாட்டன்.’

நாகேஸ்வரி அம்மா சொல்கிறார். ‘அப்ப நாளைக்கு எழுத்து வரட்டும். வந்தா, அடுத்தநாள் வெயில் ஏற முதல் வா. பிந்தினா உளுந்து வெடிச்சுக் கொட்டிப்போடும். அந்த வெடிக்காரரை மட்டும் இண்டைக்கே அனுப்பு.’

தம்பி பிரதீபன், நீங்கள்? ‘நான் கமராவுக்கு முன்னால வரமாட்டன்.’ அது உங்கள் விருப்பம். பிறகு ஏன் தம்பி சேட்டுக் கையை மடிக்கிறீர்கள்? ‘லொறியில இருக்கிற சாமானை இறக்கோணுமே, ஐயா. அந்தப் பொடியளுக்குக் கயிறு அவிழ்க்கத் தெரியாது.’

போங்கள், போங்கள். நானும் இறங்குகிறேன். பயந்தவன் பேச்சைப் பொறுத்துக் கேட்ட தலைவி அம்மாவுக்கும், இடையிடையே குறுக்கிட்டு என்னைக் காப்பாற்றிய இளைஞர்களுக்கும், காலையில் விழுந்தும் மாலையில் வந்த தாய்மாருக்கும், விளங்காத மொழியில் இவ்வளவு நேரம் அமைதியாக இருந்த விருந்தினருக்கும் என் நன்றி. பொழுதுபட முன்னர் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.